30 சதவீதம் எதில்? இரண்டு மரங்கள், ஒரு மதிப்பீட்டுத் தாள்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு வளாகம். வீடுகள் கட்டியபோது நட்ட இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் அங்கே நின்றன. ஒன்று வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம். மற்றது குழந்தைகள் விளையாடும் திடலில், ஊஞ்சலுக்கு மேலே கைவிரித்தபடி. இந்தக் குறிப்பில் அவற்றை முதல் மரம், இரண்டாம் மரம் என்றே சொல்கிறேன்.

ஒரு மழைக்காற்று இரவில் முதல் மரத்தின் கிளை முறிந்து வண்டிக் கொட்டகையின் கூரை மேல் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. மறுநாளே குடியிருப்போர் சங்கம் கூடியது. இரண்டையும் அடியோடு எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர், கை வைக்கவே விடமாட்டோம் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது "உயரத்தைக் குறைப்போம்" என்பதை. தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அந்த ஒரு வரிதான்.

மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கினார்கள். முதல் தாளில் "ஹெவி ப்ரூனிங்" என்றும், இரண்டாவதில் "கிரவுன் ரிடக்ஷன் 30 சதவீதம்" என்றும், மூன்றாவதில் "டாப்பிங், இரண்டு மரம்" என்றும் இருந்தது. செயலாளர் மூன்றையும் ஒரு அட்டவணையில் போட்டுத் தொகையையும் நாள் கணக்கையும் மட்டும் ஒப்பிட்டார். "மூணு பேரும் ஒரே வேலையைத்தான் மூணு பேர்ல சொல்றாங்கன்னு நினைச்சேன் சார்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் "கிளை கழிக்கிறது" என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். காய்ந்த சுள்ளியை உடைத்தாலும் கழிப்புதான், மரத்தையே மொட்டையடித்தாலும் கழிப்புதான்.

இரண்டாவது தாளைத் தேர்ந்தெடுத்தார்கள். "ரிடக்ஷன்" என்ற சொல் மென்மையாகப் பட்டதும் ஒரு காரணம் என்று கூட்டத்தில் இருந்த ஒருவர் சொன்னார். ஆக, தாளில் இருந்தது சரியான கலைச்சொல். நடந்த வேலை வேறு.

முதல் மரத்தில் நடந்தது

மதிப்பீடு எழுதித் தந்த ஒப்பந்தக்காரர் மரம் ஏறுபவரல்லர். வேலையை வாங்கி ஒரு குழுவிடம் கொடுத்தார். குழுத் தலைவரிடம் அவர் சொன்னது, "முப்பது பர்சென்ட் இறக்கணும்." மரம் ஏறுகிறவர்களுக்கு இது தெளிவான கட்டளை. ஏணியும் கயிறும் போட்டு அளந்தார்கள், மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஒரு மட்டம் பிடித்தார்கள், அந்த மட்டத்துக்கு மேலே இருந்த எல்லாவற்றையும் செயின்சாவால் அறுத்துத் தள்ளினார்கள். இரண்டு நாள் வேலை.

இரண்டாம் நாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டாம் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். "கூட்டத்துல சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே, தம்பி" என்றார். "எங்ககிட்ட சொன்னது இவ்வளவுதாம்மா" என்றார் குழுத் தலைவர். இருவர் சொன்னதும் உண்மை. செயலாளர் வேலையை நிறுத்தினார். நான்காம் நாள் என்னை அழைத்தார்கள். மரங்களைப் பார்வையிட்டு அறிக்கை தருவது என் தொழில். வெட்டும் வேலை எடுப்பதில்லை.

பார்த்தவை: முதல் மரம்

ஏழு பெருங்கிளைகள் ஒரே மட்டத்தில் நறுக்கப்பட்டிருந்தன. வெட்டு முகங்களின் குறுக்களவு 18 முதல் 34 செ.மீ. வரை. ஒரு வெட்டுகூடப் பக்கக்கிளைக்கு அருகில் இல்லை. எல்லாம் கட்டை. இலை என்று சொல்ல, கீழே தப்பிய இரண்டு வாதுகளில் இருந்ததுதான்.

இதற்குப் பெயர் டாப்பிங். கிளையின் அமைப்பைப் பார்க்காமல் நினைத்த உயரத்தில் வெட்டிக் கட்டையாக விடுவது. "மொட்டையடிப்பது" என்ற நம் சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கிரவுன் ரிடக்ஷன் என்பது வேறு. கிளையின் நுனியிலிருந்து பின்னால் வந்து, தகுந்த பக்கக்கிளை ஒன்று பிரியும் இடத்தில் வெட்டுவது. தகுந்தது என்றால், வெட்டுப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அந்தப் பக்கக்கிளை புது நுனியாகி வேலையை ஏற்றுக்கொள்ளும். வேலை முடிந்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் அதே மரம் கொஞ்சம் சிறுத்தது போலத் தெரியும், அவ்வளவுதான்.

ஒப்பந்தக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். "இது போலார்டிங் சார், வெளிநாட்டுல செய்யறதுதான்" என்றார். போலார்டிங் என்பது இளமரத்தில் தொடங்கும் முறை. கிளைகள் மெலிதாக இருக்கும்போதே குறித்த இடங்களில் வெட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அதே முண்டுக்கு மேலே துளிர்த்த போத்துகளை மட்டும் எடுப்பார்கள். முண்டை வெட்ட மாட்டார்கள். தொடங்கிவிட்டால் மரம் உள்ளவரை விடாமல் செய்ய வேண்டிய வேலை அது. முப்பது வருடம் தன்போக்கில் வளர்ந்த மரத்தின் 34 செ.மீ. கிளையை ஒரே நாளில் நறுக்கிவிட்டு அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. அவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குப் படவில்லை. எங்கோ காதில் விழுந்த சொல்லை நடந்துபோன வேலைக்குப் போர்த்தப் பார்த்தார்.

அடுத்து அந்த 30 சதவீதம். இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உயரத்தில் 30 சதவீதமா, படர்வின் நீளத்திலா, தழையின் மொத்தத்திலா? தாளில் இல்லை. மரத்தின் தழைப்பகுதியை ஒரு உருண்டையாக நினைத்துக்கொள்வோம். அதன் ஆரத்தை எல்லாப் பக்கமும் 30 சதவீதம் குறைத்தால் மிஞ்சும் கன அளவு 0.7 × 0.7 × 0.7, அதாவது 34 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மாறாக, கன அளவில் 30 சதவீதம் மட்டும் எடுப்பதானால் ஆரத்தில் 11 சதவீதம் குறைத்தாலே போதும். 9 மீட்டர் ஆரமுள்ள தழைக்கு முதல் கணக்கில் 2.7 மீட்டர் வெட்ட வேண்டும், இரண்டாவதில் சுமார் 1 மீட்டர். ஒரே எண்ணுக்கு இத்தனை தூரம். இதனால்தான் பிரிட்டனின் மரவேலைத் தரமான பிஎஸ் 3998, சதவீதத்தை நம்பாமல் வேலை முடிந்தபின் மரம் எத்தனை மீட்டர் உயரமும் படர்வும் இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறது.

பார்த்தவை: இரண்டாம் மரம்

உயரம் 16 மீட்டர். அடிமரச் சுற்றளவு 2.83 மீட்டர், அதாவது குறுக்களவு 90 செ.மீ. தொழிலில் இதை டிபிஎச் என்பார்கள். நெஞ்சு உயரத்துக் குறுக்களவு என்று பொருள். யாருடைய நெஞ்சு என்ற கேள்வி எழக்கூடாது என்றுதான் தரையிலிருந்து 1.3 மீட்டர் என்று பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். எதில் அளந்தோம் என்று குறித்து வைத்தால் போதும், அடுத்த முறை அளப்பவர் அதையே பின்பற்றலாம்.

இரண்டரை மீட்டர் உயரத்தில் மரம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கவையும் ஏறக்குறைய ஒரே பருமன். இத்தகைய இரட்டைத் தண்டுகளை கோ-டாமினன்ட் என்பார்கள். அதில் மட்டும் கவலையில்லை. கவலை தந்தது பிரியும் இடம். நல்ல கவையில் பட்டை வெளியே தள்ளப்பட்டு மேடு கட்டி நிற்கும், கவை யூ வடிவில் அகன்றிருக்கும். இங்கே வி போல ஒடுங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இரு பக்கத்துப் பட்டையும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உள்ளே மடிந்து போயிருந்தது. இன்க்ளூடட் பார்க் என்பது இதுதான். பட்டை மடிந்த இடத்தில் மரத்தோடு மரம் பின்னவில்லை. இரண்டு தண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும், ஆனால் பாதிப் பரப்பில் பிடிமானமே இருக்காது. புதுக் கீறலோ கசிவோ அன்று இல்லை.

ஊஞ்சல் பக்கம் நீண்ட கிளை ஒன்றில் பொந்து. பல வருடம் முன்பு ஒரு துணைக்கிளையைத் தாய்க்கிளையோடு ஒட்ட வழித்து அறுத்திருக்கிறார்கள். அந்தக் காயத்தின் வழியே அழுகல் இறங்கியிருந்தது. கிளை பிரியும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் பிராஞ்ச் காலர். நான் கிளைக் கழுத்து என்கிறேன். அழுகலை மறிக்கும் திறன் அந்தக் கழுத்தில்தான் குவிந்திருக்கிறது. ஒட்ட அறுத்தால் கழுத்தும் போய்விடும். தள்ளி அறுத்தால் கட்டை நிற்கும், மரத்தால் அதை மூட முடியாது. கழுத்தை விட்டு அதன் வெளி விளிம்பில் அறுப்பதே சரி. அந்தப் பொந்தைக் காட்டி, சிமென்ட் அடைத்துத் தார் பூசிவிட்டால் ஆறிவிடும் என்று வளாகத்துப் பராமரிப்பு ஊழியர் சொன்னார்.

ஆறுவது என்ற சொல்லையே நான் இந்தத் தொழிலில் தவிர்க்கப் பார்க்கிறேன். நம் தோலில் காயம் ஆறும், பழைய தசையின் இடத்தில் புதுத் தசை வரும். மரத்தில் அப்படி நடப்பதில்லை. கெட்டுப்போன மரம் கெட்டுப்போனதுதான், அதைச் சுற்றித் தடுப்பெழுப்பி ஒதுக்கி வைக்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ 1970-களில் இதை கோடிட் (அழுகலை மரத்துக்குள் அறை பிரித்து அடைப்பது) என்ற சுருக்கப் பெயரில் நான்கு சுவர்களாக விளக்கினார். மேலும் கீழும் பரவுவதைத் தடுக்கும் முதல் சுவர் மிக வலுவற்றது. உட்புறமாகப் பரவுவதையும் பக்கவாட்டில் பரவுவதையும் தடுப்பவை அடுத்த இரண்டு. காயத்துக்குப் பிறகு புதிதாக உருவாகும் மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே எழும் நான்காம் சுவர்தான் உறுதியானது. தார் இந்தச் சுவர்களுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. சிமென்ட், காற்றில் ஆடும் மரத்துக்குள் ஆடாத கல்லாக உட்கார்ந்து உரசும்.

பொந்துள்ள இடத்தில் கிளையின் குறுக்களவு 40 செ.மீ. மரச்சுத்தியலால் தட்டிக் கேட்டு, ஊசித் துளைக் கருவியால் மூன்று இடங்களில் பார்த்தேன். மிக மெலிந்த இடத்தில் நல்ல மரம் 9 செ.மீ. சுவர்த் தடிப்புக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் 0.45. ஜெர்மனியின் ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன 0.3-க்குக் கீழே போனால் கவலை என்ற அளவுகோல் இத்தொழிலில் பிரபலம். ஆனால் அது மூடிய குழாய் போன்ற தண்டுக்கு. வாய் திறந்த பொந்துக்கு அப்படியே பொருத்தினால் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்வதாகும். "உடனடியாக முறியும் நிலையில் இல்லை, ஆனால் சுமையைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினேன்.

கண்ணில் படாத இடம்: வேர்

இது எதேச்சையாகத் தெரிய வந்தது. இரண்டாம் மரத்திலிருந்து 6 மீட்டர் தள்ளிக் கட்டடப் பக்கமாகக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட அடுத்த மாதம் திட்டமிட்டிருந்தார்கள். "டிரிப்லைனுக்கு வெளியேதான் சார்" என்றார் செயலாளர். எங்கோ படித்து வைத்திருந்த சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தினார். கவிகையின் விளிம்பிலிருந்து மழை சொட்டும் கோடுதான் டிரிப்லைன். ஆனால் கட்டடப் பக்கத்துக் கிளைகளை முன்பே பலமுறை வெட்டியிருந்ததால் அந்தப் பக்கம் தழை 5 மீட்டர்தான் நீண்டிருந்தது. மேலே கிளையை வெட்டியதால் கீழே வேர் பின்வாங்கிவிடாது.

பிரிட்டனின் பிஎஸ் 5837 தரத்தில் வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரம், அடிமரக் குறுக்களவின் 12 மடங்கு. 90 செ.மீ. மரத்துக்கு 10.8 மீட்டர். 6 மீட்டரில் எந்திரம் வைத்துத் தோண்டினால் ஒரு பக்கத்து வேர்களில் பெரும்பங்கு அறுபடும். அதுவும் கவை பலவீனமான மரத்தில். பள்ளத்தை வளாகச் சுவரோரம் 11 மீட்டருக்குத் தள்ளச் சொன்னேன். குழாய் கொஞ்சம் நீண்டது, வேறு எதிர்ப்பில்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

இரண்டாம் மரத்தைப் பற்றி எழுதிய அறிக்கையில் முதலில் பிரித்தது ஹஸார்ட், டார்கெட், ரிஸ்க் என்ற மூன்றையும். கூட்டத்தில் மூன்றும் "டேஞ்சர்" என்ற ஒரே சொல்லில் புழங்கிக்கொண்டிருந்தன. முறியக்கூடிய பாகம் ஹஸார்ட். அது முறிந்தால் அடிபடக்கூடிய ஆளோ பொருளோ டார்கெட். முறியும் வாய்ப்பு, அடிபடும் வாய்ப்பு, அடிபட்டால் நேரும் விளைவு இம்மூன்றையும் சேர்த்து எடைபோட்டால் வருவது ரிஸ்க். யாருமே போகாத காட்டில் ஓட்டை மரம் நின்றால் ஹஸார்ட் உண்டு, ரிஸ்க் சொற்பம். இங்கே பொந்துக் கிளைக்கு நேர்கீழே ஊஞ்சல். தினமும் மாலை மூன்று மணி நேரம் குழந்தைகள். ஆகவே முதல் பரிந்துரை மரத்தைப் பற்றியதே அல்ல. ஊஞ்சலை 9 மீட்டர் தள்ளிப் போடுங்கள் என்றேன். அறிக்கையில் "டார்கெட்: ஊஞ்சல்" என்ற வரியைப் படித்த ஒருவர், ஊஞ்சலை ஒழிப்பதுதான் சங்கத்தின் இலக்கு என்று புரிந்துகொண்டு கோபமாகப் பேசினார். அடுத்த பிரதியில் "அடிபடக்கூடியது" என்று மாற்றி எழுதினேன்.

அடுத்தது, ஒட்டுமொத்தமாகச் சிறுக்க வைப்பதைக் கைவிட்டோம். ஊஞ்சல் பக்கம் நீண்ட மூன்று கிளைகளின் நுனியை மட்டும் 2 மீட்டருக்கு மிகாமல், குறிப்பிட்ட பக்கக்கிளை வரை பின்னிழுப்பது. எந்த வெட்டும் 10 செ.மீ. குறுக்களவைத் தாண்டக் கூடாது. மரத்தின் மொத்தத் தழையில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. கிளையின் நீளம் குறைந்தால் நெம்புகோலும் குறைகிறது. பொந்தின் மேலும் கவையின் மேலும் விழும் பாரம் அதனால் இறங்கும், இலையும் பெரும்பாலும் மிஞ்சும்.

இரு தண்டுகளையும் மேலே கம்பிவடத்தால் இணைக்கும் கேபிளிங் பற்றியும் பேசினோம். செய்யலாம். ஆனால் கட்டிய வடத்தை ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். சங்க நிர்வாகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. யாரும் பார்க்காத வடம், இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தை மட்டும் தரும். ஆகவே நுனிப் பாரத்தைக் குறைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவையைப் பார்ப்பது, கீறல் விட்டால் வடம் போடுவது என்று வைத்துக்கொண்டோம். இன்றும் இந்த முடிவில் எனக்கு முழு நிம்மதி இல்லை.

முதல் மரத்துக்கு முதல் வருடம் எதுவும் செய்ய வேண்டாம் என்றேன். இலையெல்லாம் போன மரம் சேமிப்பைக் கரைத்துத்தான் துளிர்க்கும். அந்தத் துளிரையும் உடனே "ஒழுங்கு" செய்தால் கையிருப்பு தீரும். இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு கட்டையிலும் நல்ல போத்துகள் இரண்டு மூன்றை வைத்து மற்றதைக் கட்டம் கட்டமாக எடுப்பது என்று திட்டம்.

வேலை நாளும் என் பிழையும்

வேறொரு குழு வந்தது. ஏறியவர் இளைஞர், கை சுத்தம். முதல் பெரிய வெட்டை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேல்நோக்கி ஒரு அறுப்பு. அதற்கும் ஒரு சாண் வெளியே மேலிருந்து இரண்டாம் அறுப்பு. கிளை "சடக்" என்று பிரிந்து கயிற்றில் தொங்கியது, பட்டை ஒரு நூல்கூட உரியவில்லை. மிஞ்சிய துண்டின் பாரம் கைக்கு அடங்கியபின் கழுத்தின் விளிம்பில் மூன்றாம் அறுப்பு. "முதல்ல கீழ அறுக்கலேன்னா பட்டை அடிமரம் வரைக்கும் கிழிஞ்சுக்கிட்டு போயிடும் சார்" என்றார் அவர். மூன்றறுப்பு என்ற பெயர் அவருக்குத் தெரியாது. வேலை தெரியும்.

பிழை வந்தது பிற்பகலில். கட்டடப் பக்கத்து ஒரு கிளையில் உரசும் கொப்புகளைக் களைய வேண்டும் என்று நினைத்து, பணி ஆணையில் "லேசான தின்னிங்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். தின்னிங் என்றால் தழை எங்கும் சீராக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கொப்புகளை எடுத்து அடர்த்தியைக் குறைப்பது. தம்பிக்கு ஏறி நிற்க வசதியான இடம் கிளையின் உட்பக்கம். கைக்கு எட்டிய உள்கொப்புகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக இலையை விட்டுவிட்டார். நான் தேநீர் முடித்துத் திரும்பியபோது கிளை சிங்கத்தின் வால் போல இருந்தது. தொழிலில் அதற்குப் பெயரே லயன் டெயிலிங். நடுவில் இலையில்லாததால் நடுக்கிளை பருக்காது, பாரமெல்லாம் நுனியில், காற்றில் ஆட்டம் கூடும். அமெரிக்காவின் மரப் பராமரிப்புத் தரமான ஏ300, டாப்பிங்கையும் இதையும் ஏற்கத்தகாதவை என்று சேர்த்தே சொல்கிறது. சங்கம் செய்த அதே தப்பை, சொல்லின் பொருள் தெரிந்த நானும் செய்திருந்தேன். எதிராளிக்கும் அதே பொருள் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன்.

மற்ற கிளைகளில் ஏறும் முன் அவரைக் கீழே அழைத்து, வெட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் தொலைநோக்கியில் காட்டி, அவரையே மேலே போய் மஞ்சள் நாடா கட்டச் சொன்னேன். கட்டி முடித்தபின் இருவரும் கீழிருந்து ஒருமுறை பார்த்தோம். இரண்டு நாடாக்களை இடம் மாற்றினார், ஒன்றை வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கீழிருந்து எனக்குத் தெரியாத ஒரு பழைய முறிவு அங்கே இருந்தது.

பின்னர் நடந்தவை

வேலை முடிந்த வாரத்திலேயே ஒரு கலவரம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "5 செ.மீ.க்கு மேற்பட்ட டெட்வுட் அடுத்த ஆண்டு அகற்றப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். மரத்தில் காய்ந்து நிற்கும் கிளைதான் டெட்வுட். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து யாரோ வளாகத்து வாட்ஸாப் குழுவில் போட, மரம் செத்துவிட்டதாக ஆலோசகர் எழுதிவிட்டார் என்று இரவோடு இரவாகச் செய்தி பரவியது. காலையில் செயலாளர் பேசினார். "காய்ந்த கிளை" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும்.

இரண்டாம் மரம் மூன்று வருடங்களில் ஆறு முறை பார்க்கப்பட்டது. கவையில் கீறல் இல்லை. வெட்டு முகங்களில் இரண்டைத் தவிர மற்றவற்றை விளிம்புப் பட்டை உருண்டு வந்து பாதிக்கு மேல் மூடியிருந்தது. சிங்கவால் கிளையில் உள்ளே துளிர்த்த போத்துகளை அப்படியே வளரவிட்டோம். மூன்றாம் வருடம் அது ஓரளவு தேறியது.

முதல் மரத்தின் கதை வேறு. ஆறே மாதத்தில் புதர் போலத் துளிர்த்தது. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், "பாருங்க, வெட்டினா நல்லாத்தான் வருது" என்றார்கள். பதினெட்டாம் மாதம் போத்துகள் 3 முதல் 4 மீட்டர் வரை நெடுநெடுவென நின்றன. இவை எபிகார்மிக் வகைத் துளிர்கள். பட்டைக்கு அடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகளிலிருந்து எழுபவை. இயல்பான கிளை தாய்மரத்தின் உள்ளிருந்தே ஆண்டாண்டாகப் பின்னி வளரும். இவை மேல்தோலில் ஒட்டவைத்தது போல நிற்கும். முப்பதாம் மாதம் ஒரு சாதாரணக் காற்றில் கைப்பருமன் போத்து ஒன்று அடியோடு பிய்ந்து விழுந்தது. பிய்ந்த இடத்தைப் பார்த்தேன். வெளியே இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மட்டும் மரம் கிழிந்திருந்தது. அதற்கு உள்ளே கட்டை பழுப்பாக, நகத்தால் கீறினால் உதிரும்படி இருந்தது.

சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் ஏழு கட்டைகளில் நான்கு டொங்கென்றன. இரண்டில் காளான் செதில்கள். கீழே வண்டிகளும் ஆட்களும் போய்வரும் இடம், அதை ஊஞ்சல் போல நகர்த்த வழியில்லை. மூன்றாம் வருட முடிவில் மரத்தை எடுத்துவிடச் சொன்னேன். அந்த ஆசிரியை அன்று வெளியே வரவில்லை.

அறுத்துப் போட்ட கிளைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். வெட்டுக்கு முக்கால் மீட்டர் கீழே எடுத்த குறுக்கு முகம். நடுவில் கரும்பழுப்பு வட்டம். அதைச் சுற்றி மயிரிழை போல ஒரு கருங்கோடு. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தடிப்பில் வெளிறிய புது மரம், ஒரு புள்ளி கறை இல்லாமல். மொட்டையடித்த நாளில் இருந்த மரமெல்லாம் கோட்டுக்கு உள்ளே, அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் வெளியே. ஷைகோவின் நான்காம் சுவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்த ஒரு விரல் மரத்தால் நான்கு மீட்டர் போத்தைத் தாங்க முடியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கலைச்சொற்களை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கோ-டாமினன்ட், இன்க்ளூடட் பார்க் போன்றவை அறிக்கையில் இருக்கட்டும். அடுத்து வரும் ஆலோசகருக்கு அவை வேண்டும். ஆனால் பணி ஆணையில் வினைச்சொல்லாக வரும் கலைச்சொல் எதுவும் தனியாக நிற்கக் கூடாது. ரிடக்ஷன், தின்னிங், லிஃப்டிங், கிளீனிங் (காய்ந்த, நோயுற்ற கிளைகளை எடுப்பது) எதுவானாலும் பக்கத்தில் எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு, வெட்டின் அதிகபட்சப் பருமன், முடிந்தபின் மிஞ்ச வேண்டிய நீளம் அல்லது உயரம் என்று எழுத வேண்டும். லிஃப்டிங் என்றால் கீழ்க்கிளைகளை எடுத்து அடியில் இடைவெளி உண்டாக்குவது. எதற்காக, எத்தனை மீட்டர் என்று கேட்டால் பாதி நேரம் அது தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். இங்கே லிஃப்டிங் செய்யலாம் என்ற யோசனையும் அப்படித்தான் போனது. திடலுக்குள் எந்த வண்டியும் வருவதில்லை.

சங்கத்தின் பக்கமிருந்து, மதிப்பீடுகளை ஒப்பிடும் முன் மூன்று பேரிடமும் அதே மாதிரி செய்து முடித்த ஒரு மரத்தின் படத்தைக் கேட்டிருக்கலாம். முதல் மதிப்பீட்டுக்காரரின் "ஹெவி ப்ரூனிங்" என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை மூவரில் அவர்தான் சரியாகச் செய்திருப்பாரோ என்னவோ.

என் பக்கம் இரண்டு மாற்றங்கள். அறிக்கை கொடுக்கும் முன் அதைத் தொழிலில் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த வரியில் நெற்றி சுருங்குகிறது என்று பார்க்கிறேன். இரண்டாவது, மரம் ஏறப்போகிறவர் இல்லாமல் வேலையைப் பற்றிய கூட்டம் நடத்துவதில்லை. இந்த நிகழ்வில் சங்கம், ஒப்பந்தக்காரர், நான் என்று எல்லோரும் பேசினோம். ரம்பத்தைப் பிடித்த கைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி ஆளின் வாய்வழியாக ஒரு வரி போய்ச் சேர்ந்தது.

போன மாதம் செயலாளர் ஒரு படம் அனுப்பினார். வெளிச்சுவரோரம் நிற்கும் வேறு மரங்களுக்கு வந்த புது மதிப்பீடு. "30%" என்று இருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் "எதில்?" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். பதில் இன்னும் வரவில்லையாம்.